லெகோவும் முத்துச் சல்லடையும்

போன முழுப்பரீட்சை லீவுக்கு அக்கா மகன் புதுக்கோட்டைக்கு வந்திருந்தான். (வழக்கமான டிஸ்கி: இது தொண்டைமான் புதுக்கோட்டை இல்லீங்க. தூத்துக்குடியில இருந்து திருநெல்வேலி போற ரோட்டுல இருக்கிற எங்க ஊர். இந்த விளக்கத்தை வாழ்நாள் முழுக்கச் சொல்லியாச்சு, இன்னும் ஒருதரம் சொல்றதுல நட்டமில்லை.) பய வரும்போதே ஒரு பை நிறைய பிளாஸ்டிக் கட்டைகளோட வந்தான். பாதி அசல் லெகோ, பாதி நம்ம ஊர் நகல். மூணாம் நாள் காலையில திண்ணையில ஒரு தோணி நிக்குது! பாய்மரம், அணியம், நடுவுல சரக்கு மூட்டை எல்லாம் இருக்கு. எங்க தாத்தா தோணித் தச்சர். அவர் சொன்ன கதைகளை அக்கா வழியா கேட்டு வளர்ந்த பய.

"மாமா, இத லெகோ கம்பெனிக்கு அனுப்பினா செட்டாப் போட்டு விப்பாங்க, தெரியுமா?"

"யாரு அனுப்பினாலும் போட்டுருவாங்களாலே?"

"பத்தாயிரம் பேரு ஓட்டுப் போட்டாப் போதும் மாமா."

அப்படியா சங்கதின்னு உட்கார்ந்து படிச்சுப் பார்த்தேன். அவன் சொன்னதுல பாதிதான் சரி. மீதிப் பாதியில ஒரு நல்ல கதை இருந்துச்சு. அதுக்குத்தான் இந்தப் பதிவு.

நம்ம கடல்ல முத்துக் குளிச்ச காலத்துல, எடுத்த முத்தைத் தரம் பிரிக்க வரிசையா பத்து பித்தளைச் சல்லடை வச்சிருந்தாங்க. ஒவ்வொண்ணுக்கும் துளைகளைப் பொறுத்து ஒரு எண் - 20, 30, 50, 80, 100, 200, 400, 600, 800, 1000. இருபதாம் சல்லடையில தங்கினது பெரிசு, ஆயிரத்துல தங்கினது பொடிசு. ஆனா சல்லடை சொல்றது அளவை மட்டும்தான். உருண்டையா இருக்கா, ஒளி இருக்கா, சொத்தையா, ஆணிமுத்தா என்பதெல்லாம் அதுக்குத் தெரியாது. அதுக்கு ஒரு அனுபவசாலி துணி விரிச்சு உட்கார்ந்து ஒவ்வொண்ணா உருட்டிப் பார்க்கணும். முதல்ல சல்லடை, அப்புறம் கண்ணு. ரெண்டும் வேற வேற வேலை.

குளிப்புக்கு முன்னாடியும் ஒரு தேர்வு உண்டு. பாரில் இருந்து மாதிரிக்குச் சில ஆயிரம் சிப்பி எடுத்து, அதுல கிடைச்ச முத்துக்கு மதிப்புப் போட்டு, கட்டுப்படியாகும்னாதான் அந்த வருசம் குளிப்பு. பல வருசம் 'வேண்டாம்'னுதான் பதில் வந்திருக்கு. தூத்துக்குடியில 1955-ல இருந்து 1961 வரை நடந்ததுதான் கடைசி. அதுக்கப்புறம் பெரிய அளவுல முத்துக்குளிப்பு நடக்கவேயில்லை.

இந்தச் சல்லடையையும் கண்ணையும் ஞாபகத்துல வச்சுக்கிட்டு டென்மார்க்குக்கு வாங்க. லெகோ 1932-ல பில்லுண்ட் என்ற சின்ன ஊர்ல ஓலே கிர்க் கிறிஸ்டியான்சன் என்ற தச்சர் ஆரம்பிச்ச மரப் பொம்மைப் பட்டறை. (நம்ம தாத்தா சாதி சனம்! :-)) இப்ப நாம பார்க்கிற, ஒண்ணோட ஒண்ணு கவ்விக்கிற கட்டைக்கு 1958-ல காப்புரிமை கேட்டாங்க. அதுக்கப்புறம் ரொம்ப காலம் என்ன செட் வரணும்னு முடிவு பண்ணது கம்பெனி ஆட்கள் மட்டும்தான். வாங்குறவங்க வீட்டுக்குள்ள என்ன கட்டினாலும் அது அவங்களோட போச்சு.

2002-ல இது மாறிச்சு. டேனியல் சிஸ்கைண்ட் என்ற ரசிகர் சொந்தமாக் கட்டின கொல்லன் பட்டறையை செட்டா விட்டாங்க. 2007-ல நெதர்லாந்து ரசிகர் எரிக் புரோக் வடிவமைச்ச கடைத்தெரு வந்துச்சு. ஆனா இதெல்லாம் கண்ணு மட்டும் வச்ச தேர்வு. சல்லடை இல்லை. கம்பெனி பார்த்துப் பிடிச்சதை எடுத்துக்கிச்சு, அவ்வளவுதான்.

சல்லடை வந்தது ஜப்பான்ல. 2008 நவம்பர்ல ஒரு ஜப்பானியக் கம்பெனியோட சேர்ந்து 'லெகோ கூசூ'ன்னு ஆரம்பிச்சாங்க. கூசூன்னா ஜப்பானிய மொழியில கற்பனை. யார் வேணும்னாலும் மாதிரி கொடுக்கலாம், 1,000 பேர் கை தூக்கினா கம்பெனி பரிசீலிக்கும். முதல்ல தேறினது எது தெரியுமா? 'ஷின்காய் 6500'. மூணு பேரை ஏத்திக்கிட்டு 6,500 மீட்டர் ஆழம் போற ஜப்பானிய ஆராய்ச்சி நீர்மூழ்கி! ஆயிரம் ஓட்டு சேர 420 நாள் ஆச்சு. 2011-ல ஜப்பான்ல மட்டும் விற்பனைக்கு வந்துச்சு.

இதைப் படிச்சப்ப எனக்கு ஒரு மாதிரி சிலிர்த்துப்போச்சு. கால்ல கல்லைக் கட்டிக்கிட்டு, மூச்சை அடக்கி, பத்துப் பாகம் ஆழம் போன ஆட்களோட கடற்கரை இது. உலகத்துல ஜனங்க ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த முதல் லெகோ செட்டும் கடலுக்குள்ள முங்குற சமாச்சாரம்தான். (நம்ம சென்னை என்.ஐ.ஓ.டி.யும் 'மத்ஸ்யா 6000'ன்னு மூணு பேர் போற நீர்மூழ்கி உருவாக்கிட்டு வருது. 2025 தொடக்கத்துல காட்டுப்பள்ளி துறைமுகத்துல இறக்கிச் சோதிச்சாங்க. அதையும் எவனாவது கட்டையில கட்டுங்கப்பா.)

2011 அக்டோபர்ல கூசூ உலகம் முழுக்கத் திறந்துச்சு. ஆயிரம் போய் 10,000 ஆச்சு. ரெண்டே மாசத்துல மைன்கிராஃப்ட் விளையாட்டோட மாதிரி, அதை உருவாக்கின மோயாங் கம்பெனியே வச்சது, 48 மணி நேரத்துக்குள்ள பத்தாயிரம் தாண்டிருச்சு. அந்தப் பக்கம் 420 நாள், இந்தப் பக்கம் ரெண்டு நாள்! ஏற்கெனவே கோடிக்கணக்கான ரசிகர்கள் இருக்கிற சமாச்சாரத்துக்குச் சல்லடை ஒரு பொருட்டே இல்லை. யாருக்கும் தெரியாத சமாச்சாரத்துக்கு அது மதில் சுவர்.

2014 ஏப்ரல்ல பேரை 'லெகோ ஐடியாஸ்'னு மாத்தினாங்க. இப்ப சல்லடைகளும் அடுக்கடுக்கா ஆயிருச்சு. முதல் 60 நாள்ல 100 பேர் ஆதரிக்கணும். தாண்டினா இன்னும் ஒரு வருசம் கிடைக்கும், அதுக்குள்ள 1,000. அப்புறம் ஆறு மாசத்துல 5,000. கடைசி ஆறு மாசத்துல 10,000. முத்து விக்கிறவன் பார்த்தா 'இது நம்ம ஏற்பாடுல்லா'ன்னு சொல்லுவான்.

மருமகன் சொன்னது இதுவரைக்கும்தான். பத்தாயிரம் வந்தா செட் வந்துரும்னு நினைச்சுட்டான். பத்தாயிரம் வந்தா என்ன கிடைக்கும்னா, துணி விரிச்சு உட்கார்ந்திருக்கிறவர் முன்னாடி உருட்டப்படுற உரிமை கிடைக்கும். அங்கேதான் கம்பெனியோட வடிவமைப்பாளர்களும் வியாபாரத் துறைக்காரங்களும் பார்ப்பாங்க. விளையாட முடியுமா, கட்டினா உதிராம நிக்குமா, விக்குமா, வேற யார்கிட்டயாவது உரிமம் வாங்கணுமா, வாங்க முடியுமா, கம்பெனியோட பேருக்கு ஒத்துவருமா. 2021-ல ஒரு சுற்றுக்கு மட்டும் 57 மாதிரிகள் பத்தாயிரம் தாண்டி வரிசையில நின்னுச்சு. அதுல சொற்பம்தான் கடைக்கு வந்துச்சு. மத்தவங்களுக்கு ஒரு நன்றி, அவ்வளவுதான்.

ஏன் நிராகரிச்சோம்னு கம்பெனி பொதுவா விளக்கம் சொல்றதில்லை. ஆரம்ப காலத்துல சில தடவை சொல்லியிருக்கு. 'ஷான் ஆஃப் தி டெட்' என்ற பேய்ப்படத்துல வர்ற மதுக்கடையை ஒருத்தர் கட்டி, பத்தாயிரமும் வாங்கிட்டார். 'சின்னப் பிள்ளைங்க விளையாடுற சாமானுக்கு இது சரிப்படாது'ன்னு 2012-ல ஒதுக்கிட்டாங்க. தேறின செட்டுக்குள்ளயும் வெட்டு விழும். 2017-ல நாசா பெண்கள்னு ஒரு செட் வந்துச்சு, மாயா வைன்ஸ்டாக் என்பவரோட யோசனை. அவர் கொடுத்ததுல அஞ்சு பேர் இருந்தாங்க. கடைக்கு வந்தது நாலு பேர். கணித மேதை கேத்தரின் ஜான்சனோட உருவத்துக்கு அனுமதி கிடைக்காததால அவர் இல்லாமப் போயிட்டார்.

தேறினவருக்கு என்ன கிடைக்கும்? மொத்த நிகர விற்பனையில 1 சதவீதம், இலவசமா 10 செட், விளக்கப் புத்தகத்துல அவரைப் பத்தி ஒரு குறிப்பு. ஒரு சதவீதம்தானான்னு எனக்கும் முதல்ல சுருக்குன்னு இருந்துச்சு. நூறு வருசத்துக்கு முன்னாடி, நம்ம கரையில இருந்து சிலோனுக்குப் போன குளியாளிகளுக்கு எடுத்த சிப்பியில மூணுல ஒரு பங்கு, அரசாங்கத்துக்கு மிச்சம் ரெண்டு பங்கு. ஆனா குளியாளி உயிரைப் பணயம் வச்சு முங்கினான். இங்க அச்சு, பெட்டி, விற்பனை, நட்டம் வந்தா நட்டம் எல்லாம் கம்பெனி தலையில. கொடுத்த மாதிரியையும் கம்பெனி வடிவமைப்பாளர் உட்கார்ந்து பாதிக்குமேல மாத்திக் கட்டுறது உண்டு. நியாயமா இல்லையான்னு நீங்களே சொல்லுங்க, எனக்குத் தராசு ஒரு பக்கமா நிக்கமாட்டேங்குது.

நம்ம நாட்டுல இப்படி எதுவும் இல்லையான்னு கேட்டா, பொம்மையில இல்லை, காசுல இருக்கு! 2009-ல மத்திய நிதி அமைச்சகம் ரூபாய்க்கு ஒரு குறியீடு வேணும்னு பொதுமக்கள்கிட்ட கேட்டுச்சு. மூவாயிரத்துக்கு மேல வந்து குவிஞ்சது, அதுல அஞ்சைப் பொறுக்கி எடுத்தாங்க. 2010 ஜூலை 15-ல மந்திரிசபை ஒண்ணை ஏத்துக்கிச்சு. அது நம்ம கள்ளக்குறிச்சிக்காரர் உதயகுமார் வரைஞ்சது. பரிசு இரண்டரை லட்சம். அங்க ஓட்டே கிடையாது, முழுக்க நடுவர் கண்ணுதான். ஓட்டு வச்சிருந்தா எந்தக் குறியீடு வந்திருக்கும்னு யோசிச்சுப் பார்த்தா எனக்குக் கொஞ்சம் பயமாத்தான் இருக்கு. :-)

சரி, தோணிக்கு வருவோம். இதையெல்லாம் பயகிட்ட சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டுக் கேட்டான்:

"அப்போ நம்ம தோணிய உலகத்துல எத்தன பேருக்குத் தெரியும் மாமா?"

பதில் சொல்ல முடியல. தூத்துக்குடித் தோணி கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் சரக்கு ஏத்திக்கிட்டுப் போன கதை, நம்ம ஊர்லயே பாதிப் பேருக்குத் தெரியாது. பாயை மட்டும் நம்பி ஓடின காலம் போயாச்சு. மிஞ்சினதும் இஞ்சின் மாட்டிக்கிச்சு. கட்டத் தெரிஞ்ச தச்சர்களும் குறைஞ்சுட்டே வர்றாங்க. மறக்கப்படுற பொருளுக்குத்தான் ஒரு மாதிரி செஞ்சு வைக்கவேண்டிய அவசியம் அதிகம், அதுக்குத்தான் ஓட்டும் கிடைக்காது. ஜப்பான்காரனுக்கு ஆயிரம் போதும்னு இருந்தப்போ, அவன் ஊர்க்காரங்க மட்டும் சேர்ந்து அவன் நீர்மூழ்கியை மேல ஏத்திட்டாங்க. இன்னைக்கு அதே 420 நாள்ல ஆயிரம்தான் சேரும்னா, அடுத்த சல்லடையில சறுக்கியிருக்கும்.

ஆனா ஒரேடியா கையை விரிக்கவும் மனசு வரல. 2017-ல ஒரு மீன்பிடிச் சாமான் கடை செட்டா வந்துச்சு. ராபர்ட் போன்டன்பால் என்பவர் கட்டினது, 2,049 துண்டுகள். சினிமா கிடையாது, ஹீரோ கிடையாது. உப்புக்காத்துல வெளிறின பலகை, வலை, தூண்டில், ஓரமா ஒரு காவல் கோபுரம். 2022-ல விளக்குச் சுத்துற கலங்கரை விளக்கம் ஒண்ணு வந்துச்சு, அதுக்கும் சினிமாத் துணை கிடையாது. இதெல்லாம் சல்லடையும் தாண்டி கண்ணுக்கும் தப்பிச்சு வந்ததுதானே. நிராகரிக்கப்பட்டதுகளுக்கும் 2021-ல ஒரு பின்வாசல் திறந்துச்சு. பிரிக்லிங்க் என்ற, லெகோ 2019-ல வாங்கின சந்தையில, பத்தாயிரம் தாண்டியும் தேறாத மாதிரிகளை வச்சு, 3,000 பேர் முன்கூட்டியே பணம் கட்டினா செஞ்சு தர்றோம்னாங்க. 'காட்டுக்குள்ள கோட்டை'ன்னு ஒண்ணு அப்படித்தான் கடைசியில பெட்டிக்குள்ள வந்துச்சு.

மருமகன் தோணியைப் பிரிச்சுட்டான். கோவத்துல இல்லை. அணியத்தோட வளைவு சரியா வரலையாம், தாத்தா செஞ்ச மாதிரி இல்லையாம். வீட்டுல இருந்த ஒரே பழைய போட்டோவை எடுத்து வச்சுக்கிட்டு அளவு பார்த்துட்டு இருக்கான். நானும் பக்கத்துல உட்கார்ந்து, எனக்கு ஞாபகம் இருக்கிறதைச் சொல்லிட்டு இருக்கேன். பத்தாயிரத்துக்கு அப்புறம் வருவோம். இந்தக் கணக்குப்படி முதல் சல்லடைக்கு நூறு பேர்தான்.

தூத்துக்குடித் தோணி தெரிஞ்ச நூறு பேர் இருக்கீங்களா? இருந்தா, பாய்மரத்துல கயிறு எப்படிக் கட்டுவாங்கன்னு யாராச்சும் சொல்லுங்க. பய விடமாட்டேங்கிறான்.