கற்களும் கைப்பிடி அரிசியும்: சென்னையின் தென்பகுதி வரலாற்றில் நன்றியறிதல்

யோர்தானைக் கடந்த இஸ்ரவேலர் ஆற்றின் நடுவிலிருந்து பன்னிரண்டு கற்களை எடுத்து வந்து கில்காலில் நாட்டினர். பின்வரும் தலைமுறையின் பிள்ளைகள் அக்கற்களின் பொருள் யாதென வினவும்பொழுது பெற்றோர் விடை பகர வேண்டும் என்பது யோசுவா தந்த ஏற்பாடு (யோசுவா 4). இங்குக் கவனிக்கத்தக்கது ஒன்றுண்டு. கல் தானாகப் பேசுவதில்லை. வினவும் பிள்ளையும் விடைகூறும் பெரியோரும் இருக்கும்வரைதான் அது நன்றியின் சின்னம்; அவர்கள் இல்லாதபோது அது வெறும் கல்லே.

நம் திருச்சபைகளில் 'நன்றி' என்னும் சொல்லுக்குக் குறைவில்லை. கூட்டங்கள் நன்றியுரையோடு முடிகின்றன. காணிக்கை உறைகளில் ஸ்தோத்திரத்தின் காரணங்கள் எழுதப்படுகின்றன. ஆனால் நன்றியறிதல் நம் அன்றாட வாழ்வின் ஒழுக்கமாக இருக்கின்றதா, அன்றி நிகழ்ச்சிநிரலின் இறுதி உருப்படியாகச் சுருங்கிவிட்டதா? இவ்வினாவுக்கு விடைகாண, மயிலாப்பூர், மாம்பலம், அடையாறு ஆகிய பகுதிகளில் நம் முன்னோர் விட்டுச்சென்ற சில சுவடுகளை ஆராய்வது பயனுடையதாகும்.

சொல்லின் வரலாறு

முதற்கண் சொல்லையே நோக்குவோம். இன்று நாம் 'நன்றி' என்றால், உதவி பெற்றவர் உள்ளத்தில் எழும் உணர்வையோ வாயால் கூறும் சொல்லையோ எண்ணுகிறோம். பழந்தமிழில் நன்றி என்பது செய்யப்பட்ட நன்மையையே குறித்தது. மயிலாப்பூர் தனக்குரியவர் என்று உரிமை பாராட்டும் திருவள்ளுவர், தம் நூலின் பதினோராம் அதிகாரத்துக்கு இட்ட பெயர் 'செய்ந்நன்றியறிதல்' என்பதாகும். பிறர் செய்த நன்மையை அறிதல் என்பது அதன் பொருள். அஃதாவது, நன்றியறிதல் முதலாவது ஓர் அறிவு. இன்னது எனக்குச் செய்யப்பட்டது, இன்னார் செய்தார் என்று உண்மையை ஒப்புக்கொள்ளுதல். உணர்வும் சொல்லும் அதன்பின் வருவன.

தமிழ்த் திருமறையிலும் வழிபாட்டிலும் பெருவழக்காய் உள்ள 'ஸ்தோத்திரம்' என்பது புகழ்ச்சியைக் குறிக்கும் வடசொல். நம் மக்கள் அதனை நன்றிக்கும் வாழ்த்துக்கும் ஒருங்கே வழங்கி வருகின்றனர். இவ்விரு சொற்களும் ஒன்றையொன்று நிறைவுசெய்வன. புகழ்ச்சி கடவுளை நோக்கி ஏறுகின்றது. அறிதலோ, அந்நன்மை எவர் கைவழியாக நம்மை வந்தடைந்தது என்று அயலாரையும் நோக்கச் செய்கின்றது. புகழ்ச்சி மட்டும் நிலைத்து அறிதல் மறைந்துவிட்டால், கடவுளுக்கு நன்றி கூறிக்கொண்டே மனிதரை மறப்பது எளிதாகிவிடும்.

ஒளியும் பாலமும்

மயிலாப்பூரில் 'காட்டுக் கோயில்' என மக்கள் அழைக்கும் லஸ் ஆலயம், 1516 என்னும் ஆண்டைத் தாங்கிய போர்த்துக்கீசியக் கல்வெட்டை உடையது. கடலில் வழிதவறிய மாலுமிகள் கரையில் ஓர் ஒளியைக் கண்டு அதன் துணையால் உயிர்தப்பினர் என்றும், அவ்வொளி மறைந்த இடத்தில் நன்றியின் அடையாளமாக இக்கோயிலை எழுப்பினர் என்றும் மரபுவழிச் செய்தி கூறுகின்றது. 'லஸ்' என்பது போர்த்துக்கீசிய மொழியில் ஒளியைக் குறிக்கும் சொல். கோயிலின் பெயர் ஊர்ப்பகுதியின் பெயராயிற்று. இன்று லஸ் முனையில் பேருந்துக்குக் காத்துநிற்கும் ஆயிரக்கணக்கானோர் அச்சொல்லை நாள்தோறும் உச்சரிக்கின்றனர். அதனுள் அடங்கிய நன்றியை அறிந்தோர் சிலரே. பெயர் நிலைத்தது, நினைவு தேய்ந்தது.

இதற்கு இருநூறு ஆண்டுகளுக்குப் பின், 1726இல், கோஜா பெட்ரூஸ் உஸ்கான் என்னும் ஆர்மீனிய வணிகர் சைதாப்பேட்டையில் அடையாற்றின்மேல் தம் சொந்தப் பொருளால் ஒரு பாலம் கட்டுவித்தார். மாம்பலம் என்னும் பெயரின் திரிபான 'மார்மலாங்' என்பதே அப்பாலத்தின் பெயர். பரங்கிமலையின் உச்சிக்குச் செல்லும் படிகளையும் அவரே அமைத்தார். புலம்பெயர்ந்து வந்து இந்நகரில் செல்வம் ஈட்டிய ஒருவர், அந்நகரின் பொதுமக்கள் நடந்துசெல்லும் வழிக்கே அச்செல்வத்தில் ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுத்தார். அவர் பாலத்தைக் கட்டியதோடு நில்லாமல், அதன் பராமரிப்புக்கென்றும் தனியே ஒரு தொகையை ஒதுக்கினார் என்பது பெரிதும் கருதத்தக்கது. கொடுத்து முடித்துவிட்டோம் என்று கைகழுவாமல், கொடுத்தது பழுதடையாதிருக்க வழிசெய்தல் முதிர்ந்த நன்றியின் இயல்பு. அப்பழைய பாலத்தின் இடத்தை 1966இல் மறைமலை அடிகள் பாலம் ஏற்றது. உஸ்கானின் கொடையைக் கூறும் கல்வெட்டு, ஓடும் வாகனங்களுக்கு அருகே நிற்கின்றது. வினவும் பிள்ளைதான் இல்லை.

மயிலாப்பூரில், இன்று டாக்டர் இராதாகிருஷ்ணன் சாலை எனப்படும் பெருவழியில், 1909இல் தோன்றிய கல்யாணி மருத்துவமனையும் இவ்வரிசையில் வைத்து எண்ணத்தக்கது. என். சுப்பிரமணியம் என்னும் கிறிஸ்தவப் பெருமகனார் தம் அன்னை கல்யாணியின் நினைவாக அளித்த கொடையால், வெஸ்லியன் மிஷன் பணியாக அது உருவாயிற்று. தாய்க்குப் பட்ட கடனைத் தாய்க்கே திருப்பிச் செலுத்துதல் எவராலும் இயலாது. ஆகவே அக்கடன் முகமறியாத நோயாளர்களுக்குச் செலுத்தப்பட்டது. நன்றி தன் மூலத்துக்குத் திரும்ப இயலாதபோது அயலாரை நோக்கிப் பாய்கின்றது என்னும் உண்மைக்கு இது சான்றாகும்.

திரும்பி வராதவர்கள்

1930ஆம் ஆண்டு டிசம்பர் 30ஆம் நாள், அடையாற்றுக்குத் தெற்கே எலியட்ஸ் கடற்கரையில், ஷ்மித் என்னும் டென்மார்க் நாட்டவர் நீரில் தத்தளித்தோரைக் காப்பாற்ற முயன்று தாம் உயிரிழந்தார். பெசன்ட் நகர்க் கடற்கரையில் வெண்ணிற வாயில்போல் நிற்கும் நினைவுச்சின்னம் அவருக்கு உரியது. 1706இல் தரங்கம்பாடிக்கு முதற் சீர்திருத்தச் சபைத் தொண்டர்களை ஏற்றிவந்ததும் டென்மார்க் நாட்டுக் கப்பலே என்பது நம் வாசகர் அறிந்ததே.

இச்சின்னத்தைப்பற்றி நகரில் ஒரு கதை வழங்குகின்றது. காப்பாற்றப்பட்ட பெண்மணி, அதன்பின் ஆளுநர் மாளிகையில் நடந்த விருந்துக்கு ஏதும் நிகழாததுபோல் வந்து மகிழ்ந்திருந்தாராம். அதைக் கண்டு மனம்நொந்த ஆளுநரே இச்சின்னத்தை எழுப்பக் கட்டளையிட்டாராம். இது செவிவழிக் கதையே. எனினும், மக்கள் இதனைத் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருவது பொருளுடையது. ஒருவர் நமக்காக இறந்த பின்னும் நாம் விருந்துக்குச் செல்லக்கூடும் என்னும் அச்சம் மக்கள் உள்ளத்தில் உறைந்திருக்கின்றது. குணமாக்கப்பட்ட குஷ்டரோகிகள் பதின்மருள் சமாரியன் ஒருவனே திரும்பிவந்தான் என லூக்கா எழுதியதும் (17:11–19) இவ்வச்சத்தைத் தொடுகின்றது. ஒன்பதின்மர் தீயவர் அல்லர். ஆண்டவர் சொற்படியே அவர்கள் ஆசாரியரிடம் சென்றுகொண்டிருந்தனர். கடமையில் தவறாதவர்களும் நன்றியில் தவறக்கூடும் என்பதே அப்பகுதியின் கூர்மையான எச்சரிக்கை. ஊழியப் பணிகளில் ஓய்வின்றி ஓடும் நம்மையே அது முதலில் குத்துகின்றது.

கைப்பிடி அரிசி

இதுவரை கண்டவை கல்லால் ஆனவை. செல்வமோ அதிகாரமோ உள்ளவர்களே கல்லை நாட்ட இயலும். ஆனால் தமிழ்த் திருச்சபைகளில், குறிப்பாகத் திருநெல்வேலிப் பகுதியில், கல்லையும் விஞ்சிய ஒரு நன்றி வழிபாடு அடுப்பங்கரையில் நடந்து வந்தது. உலையில் அரிசி இடுமுன் அதிலிருந்து ஒரு பிடியை எடுத்துத் தனியே ஒரு கலத்தில் போட்டுவைப்பர். சேர்ந்ததை ஆலயத்துக்குக் கொண்டுவந்து படைப்பர். அதுவே பிடியரிசிக் காணிக்கை. அதன் பயன் ஏழைகளுக்கும் நற்செய்திப் பணிக்கும் சென்றது.

திருநெல்வேலியின் வெள்ளாளன்விளையில் 1874இல் பிறந்து, சென்னையில் கற்று, இளைஞர் கிறிஸ்தவச் சங்கத்தில் பணியாற்றி, 1912இல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயராகத் திருநிலைப்படுத்தப்பட்ட வேதநாயகம் சாமுவேல் அசரியா, தம் தோர்ணக்கல் திருமண்டலத்தின் ஏழைக் கிராமச் சபைகளில் இவ்வழக்கத்தைப் பெரிதும் ஊக்கினார். மிசோரம் திருச்சபையில் 1910இல் தொடங்கிய இத்தகைய வழக்கம் இன்றும் அங்கு அருட்பணிக்குப் பெருந்துணையாய் விளங்குகின்றது.

இவ்வழக்கத்தின் சிறப்புகள் மூன்று. முதலாவது, இது நாள்தோறும் நிகழ்வது. ஆண்டுக்கொருமுறை வரும் அறுப்பின் பண்டிகைக்காகக் காத்திருப்பதில்லை. இரண்டாவது, மிச்சத்திலிருந்தன்றி முதலிலிருந்து எடுக்கப்படுவது. வீட்டில் அரிசி குறைந்த நாளிலும் ஒரு பிடி எடுக்கப்பட்டது. மூன்றாவது, இதன் ஆசாரியர் பெண்கள். பீடத்தண்டை நிற்க அனுமதிக்கப்படாத காலத்திலும் அவர்கள் தம் அடுப்பையே பீடமாக்கினர். இத்தாய்மார்களின் பெயர் எக்கல்வெட்டிலும் இல்லை.

நன்றிப்பலியின் மாம்சத்தை அன்றே உண்டுவிட வேண்டும், விடியற்காலம்வரை வைக்கலாகாது என லேவியராகமம் (7:15) விதிக்கின்றது. ஒரு குடும்பம் ஒரே நாளில் ஒரு மிருகத்தை உண்டு தீர்க்க இயலாது. அயலாரை அழைத்தே ஆக வேண்டும். சேமித்துவைத்த நன்றி கெட்டுவிடும். பகிர்ந்தால்தான் அது நன்றி. பிடியரிசி இவ்விதியின் தமிழ் வடிவம் எனலாம்.

ஓர் எச்சரிக்கை

நன்றியின் வரலாற்றில் இருண்ட பக்கமும் உண்டு. உப்பிட்டவரை நினைக்க வேண்டும் என்னும் பழமொழி, பண்ணையாட்களை ஆண்டையின் காலடியில் தலைமுறைகளாகக் கட்டிவைக்கவும் பயன்பட்டது. 1976ஆம் ஆண்டின் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் கடனை நீக்கிற்று; 'நன்றிகெட்டவன்' என்னும் வசையை அது நீக்கவில்லை. திருச்சபை நிறுவனங்களிலும், உரிய ஊதியத்தைக் கேட்ட ஊழியரை நன்றியற்றவர் என்று வாயடைத்ததுண்டு. உரிமையைக் கருணையாகக் காட்டி அதற்கு நன்றி கேட்பது வஞ்சகம். சமாரியன் ஒருவனே திரும்பியபோது இயேசு பெருமான் தமக்கென வணக்கம் கேட்கவில்லை. கடவுளுக்கு மகிமை செலுத்த ஏனையோர் வரவில்லையே என்றே வினவினார். பின்பு அவனை எழுந்துபோகச் சொன்னார். மெய்யான நன்றி பெற்றவரை எழுந்து நிற்கச் செய்யும், காலடியில் கிடத்தாது. ஆகவே நன்றியைப் பிறரிடம் வற்புறுத்திக் கேட்கும் உரிமை எவருக்கும் இல்லை. அதனைச் செலுத்தும் கடமையோ அனைவருக்கும், சிறப்பாக வலியோர்க்கு உண்டு.

நம் காலத்துச் சான்று

2015 டிசம்பர் முதல் நாட்களில் அடையாறு கரைபுரண்டு நகரின் தென்பகுதிகளை மூழ்கடித்தபோது, மீனவர் தம் படகுகளோடு தெருக்களுக்குள் வந்து மக்களை மீட்டனர். மாடியில் உணவின்றித் தவித்தோருள் செல்வரும் இருந்தனர், வறியோரும் இருந்தனர். நீர் வடிந்தபின், பிற ஊர்களிலிருந்து அழைத்துவரப்பட்ட தூய்மைப் பணியாளர் இந்நகரின் அழுகிய குப்பைகளைத் தம் கைகளால் அகற்றினர். பதினொரு ஆண்டுகளுக்கு முன், 2004 டிசம்பர் 26இல், ஆழிப்பேரலையால் இதே கரையில் வீடிழந்தோர் அம்மீனவச் சமுதாயத்தினரே.

அவ்வாண்டு நம் ஆலயங்களில் ஸ்தோத்திர ஆராதனைகள் நடந்தன. உயிர் காத்த கடவுளைத் துதித்தோம். அது தகுந்ததே. ஆனால் அந்தக் கைகளை நாம் அறிந்தோமா? அவர்தம் குடியிருப்புகளைப்பற்றியும் ஊதியத்தைப்பற்றியும் வழக்கு எழும்போது, நாம் எப்பக்கம் நிற்கிறோம்? செய்ந்நன்றியை அறிதல் என்பது அங்கேதான் சோதிக்கப்படுகின்றது.

ஆயர்களும் இறையியல் மாணவரும் இதில் செய்யக்கூடியது எளியது. ஞாயிறுதோறும் பொது மன்றாட்டில், அவ்வாரம் நமக்கு நன்மை செய்தவர்களை அவர்தம் தொழிலின் பெயரைச் சொல்லியாவது நினைவுகூரலாம்: குடிநீர் கொணர்ந்தோர், சாக்கடை திறந்தோர், மீன் விற்றோர், நோயாளியின் படுக்கையருகே விழித்திருந்தோர். பிடியரிசிக் கலத்தை நகர்ப்புற வீடுகளிலும் மீண்டும் வைக்கலாம். அதில் விழும் அரிசி எவருடைய உலைக்குச் செல்கின்றது என்பதையும் சபை அறியட்டும். ஓய்வுநாட் பள்ளிப் பிள்ளைகளை லஸ் கோயிலுக்கும் சைதாப்பேட்டைக் கல்வெட்டுக்கும் கடற்கரைச் சின்னத்துக்கும் அழைத்துச் செல்லலாம். அவர்கள் வினவுவார்கள். விடைகூற நாம் ஆயத்தமாயிருக்க வேண்டும்.