தாவர உள்ளமைப்பு

வேர், தண்டு, இலை ஆகியவற்றுக்குள் திசுக்கள் அமைந்திருக்கும் முறையே தாவர உள்ளமைப்பு. இதை நுண்ணோக்கியால் முதலில் விரிவாக ஆராய்ந்தவர்கள் இத்தாலியின் மார்செல்லோ மால்பிஜி, இங்கிலாந்தின் நெகேமியா குரூ. குரூவின் பெருநூல் 1682இல் வெளிவந்தது. ஜெர்மானியர் ஜூலியஸ் சாக்ஸ் 1875இல் திசுக்களைப் புறத்தோல், அடிப்படை, வாஸ்குலார் என மூன்று தொகுப்புகளாக வகுத்தார். மூன்று உறுப்புகளிலும் இருப்பவை இவையே. உறுப்பின் வேலைக்கேற்ப இவற்றின் அடுக்குமுறை மாறுகிறது.

வேர்

இளம் வேரின் புறத்தோல் செல்கள் வேர்த்தூவிகளாக நீண்டு நீரை உறிஞ்சுகின்றன. அதற்கு உள்ளே புறணி. புறணியின் கடைசி அடுக்கு அகத்தோல். அகத்தோல் செல்களைச் சுற்றி நீர் புகாத காஸ்பாரியன் பட்டை இருக்கிறது. செல்சுவர் வழியே கசிந்து வரும் நீர் இங்கே தடைபட்டு, செல்சவ்வைக் கடந்தே உள்ளே போக முடியும். மண்ணின் உப்புகளில் எவை தாவரத்துக்குள் நுழையலாம் என்பதைத் தீர்மானிக்கும் வாயில் இது. மையத்தில் வாஸ்குலார் திசுக்களான, நீரைக் கடத்தும் சைலமும் உணவைக் கடத்தும் ஃபுளோயமும் தனித்தனி ஆரங்களில் மாறிமாறி அமைகின்றன.

தண்டு

தண்டில் சைலமும் ஃபுளோயமும் ஒரே கற்றையில் சேர்கின்றன: சைலம் உட்புறம், ஃபுளோயம் வெளிப்புறம். சூரியகாந்தி போன்ற இருவித்திலைத் தாவரங்களில் கற்றைகள் வளையமாக நிற்கும். சைலத்துக்கும் ஃபுளோயத்துக்கும் இடையிலுள்ள கேம்பியம் என்னும் திசுவின் செல்கள் பிரிந்து தண்டைப் பருக்கச் செய்யும். ஒருவித்திலைத் தாவரமான மக்காச்சோளத்தின் தண்டில் கற்றைகள் சிதறிக் கிடக்கும், கேம்பியம் இல்லை. அதன் ஒரு கற்றையைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் பின்னர் உருவான சைலமான மெட்டாசைலத்தின் இரு பெரிய குழாய்கள் கண்களாகவும், முதலில் உருவான புரோட்டோசைலம் சிதைந்த இடைவெளி வாயாகவும் ஒரு முகம்போலத் தெரியும்.

பனையும் ஒருவித்திலைத் தாவரமே. அதன் கற்றைகள் விளிம்பில் நெருங்கியிருப்பதால் வைரம் எனப்படும் கடினப் பகுதி வெளியே இருக்கிறது. தேக்கில் வைரம் நடுவே. வெளியே வைரம் உள்ளவற்றைப் புல் என்றும் உள்ளே வைரம் உள்ளவற்றை மரம் என்றும் தொல்காப்பிய மரபியல் பிரிப்பது கூர்மையான அவதானிப்பு.

இலை

தண்டின் கற்றை வெளிநோக்கி வளைந்து இலைக்குள் நுழைவதால், அங்கே சைலம் மேலும் ஃபுளோயம் கீழுமாக அமைகின்றன. இருவித்திலை இலையில் மேற்புறத்தோலுக்கு அடியில் பசுங்கணிகம் செறிந்த பாலிசேட் செல்கள் நெருங்கி நிற்கும். அவற்றின் கீழ் காற்றிடைவெளிகள் மிகுந்த பஞ்சுத் திசு. பெரும்பாலும் அடிப்பக்கத்தில் மிகுந்துள்ள இலைத்துளைகளைக் காப்புச் செல்கள் திறந்து மூடுகின்றன.

புல்வகை இலைகளின் மேற்புறத்தோலில் உள்ள பெரிய புல்லிஃபார்ம் செல்கள் வறட்சியில் நீரிழந்து சுருங்கும். அப்போது இலை சுருண்டு நீராவிப்போக்கு குறையும். தண்ணீர் வற்றிய வயலில் நெல் இலை சுருளும்போது நடப்பது இதுவே.