பாய் விரித்த தோணிகள்

எங்கள் இருக்கன்குடியில் அர்ச்சுனா நதியோடு கலக்கும் வைப்பாறு, தூத்துக்குடிக்கு வடக்கே கடல் சேர்கிறது. நான் கடலைப் பார்த்ததோ மிளகாய் வற்றல் ஏற்றிய லாரியில் போய்த்தான். 1968, விருதுநகர் கமிஷன் மண்டியில் கணக்கெழுதச் சேர்ந்த புதிது.

பழைய துறைமுகத்தில் ஆழம் போதாது. கப்பல்கள் சில மைல் தள்ளி நங்கூரமிட்டு நிற்கும். தோணிகள்தான் சரக்கைக் கொண்டுபோய்ச் சேர்க்கும். கொழும்புக்கும் பாய் விரித்துப் போகும். நடுக்கடலில் காற்று விழுந்தால் தோணி அங்கேயே நிற்கும். இங்கே முதலாளிக்கு வயிறு கலங்கும்!

தோணியை நடத்துபவரைத் தண்டல் என்பார்கள். ஒரு தண்டல் கன்னத்தில் படுகிற காற்றை வைத்தே, "நாளைக்கு வாடை திரும்பும் தம்பி, மூடைய இன்னைக்கே ஏத்திருங்க" என்பார். ஒருநாள், "ஒரு நடை கொழும்புக்கு வாரீகளா?" என்று கேட்டார். அம்மாவுக்குப் பயந்து மறுத்துவிட்டேன்.

1974-ல் புதிய துறைமுகம் வந்தது. கப்பல்கள் கரைக்கே வந்தன. தோணிகளிலும் எஞ்சின் ஏறியது. அதைக் குறை சொல்ல மாட்டேன். பாய்த்தோணியில் போனவர் திரும்பாத வீட்டையும் பார்த்திருக்கிறேன்.

போன வருஷம் பேரனோடு போயிருந்தேன். மாலத்தீவுக்கு வெங்காய மூடை ஏறிக்கொண்டிருந்தது. அதே மரத்தோணி, பாயைத்தான் காணோம்.

"தாத்தா, இதுல போயிருக்கீங்களா?" என்றான்.

இல்லை என்று சொல்லக் கொஞ்ச நேரம் ஆயிற்று.