நானுஓயாவில் இறங்கும் இரசம்

கொழும்புக் கோட்டையில் ரயிலேறும்போது வாங்கிய மிக்சர் பக்கெட், அட்டன் தாண்டியதும் தலையணை போல உப்பிவிடும். காது அடைக்கும், எச்சிலை விழுங்கினால் திறக்கும். மலைநாட்டுக்குப் போய்வருகிறவர்களுக்கெல்லாம் பழகிப்போன இந்த இரண்டு சங்கதிகளுக்குப் பின்னால் முந்நூற்றைம்பது ஆண்டுக்கும் மேலான கதை இருக்கிறது.

1643இல் இத்தாலியின் தொரிசெல்லி ஆலோசனைப்படி, ஒரு கண்ணாடிக் குழாயில் இரசத்தை நிரப்பிக் கிண்ணத்தில் கவிழ்த்தார்கள். இரசம் 76 சென்ரிமீற்றரில் நின்றுவிட்டது. தாங்குவது வெளியிலுள்ள காற்றின் பாரம் என்றார் தொரிசெல்லி. அப்படியானால் உயரே போகப் போக இரசம் இறங்க வேண்டுமே என்று நினைத்தார் பிரான்சின் பஸ்கால். நோயாளியான அவர் மலையேறவில்லை. அக்காள் கணவர் பெரியேவை ஏறச்சொன்னார். 1648 செப்டெம்பர் 19. அடிவாரத்து மடத்தில் ஒரு குழாயைத் துறவி ஒருவர் நாள் முழுக்கப் பார்த்திருந்தார், அது அசையவில்லை. மூவாயிரம் அடி ஏறிய பெரியேயின் குழாயிலோ இரசம் மூன்று அங்குலத்துக்கு மேல் இறங்கியிருந்தது.

1885இல் நானுஓயாவைத் தொட்ட நம் ரயில்பாதை ஏறுவது ஐயாயிரம் அடிக்கும் அதிகம். அங்கிருந்து இன்னும் மேலே, 1,868 மீற்றரில் நுவரெலியா. அந்த இரசக் குழாயை, அதாவது பாரமானியை, அங்கே கொண்டுபோனால் இரசம் ஏறத்தாழ 61 சென்ரிமீற்றரில் நிற்கும். பஸ்காலின் பெயரை 1971இல் அலகாக்கினார்கள். அந்தக் கணக்கில் சுமார் 810 ஹெக்ரோபஸ்கால். பழைய மில்லிபாரும் அதே அளவுதான். தாழமுக்கச் செய்தியில் வானொலி சொல்லும் ஆயிரத்துச் சொச்சம், கடல்மட்டத்துக்குத் திருத்திய கணக்கு; நுவரெலியாக்காரர் மூச்சில் இழுக்கும் காற்றின் கணக்கு அல்ல.

காற்றமுக்கத்தின் இந்தக் குறைவு முதலில் தெரிவது அடுப்படியில்தான். அமுக்கம் குறைந்தால் தண்ணீர் சீக்கிரமே கொதித்துவிடும்: அட்டனில் 96 பாகை, நுவரெலியாவில் 94. அதற்குமேல் எவ்வளவு விறகு வைத்தாலும் சூடு ஏறாது, தண்ணீர்தான் வற்றும். கொழும்பில் மசிகிற நேரத்தில் இங்கே பருப்பு முழுசாகவே கிடக்கும். கொழுந்து நிறுத்துவிட்டு, கவ்வாத்து மிலாறைத் தலையில் சுமந்து லயத்துக்குத் திரும்பிய பெண்கள், தலைமுறை தலைமுறையாக இந்தக் கூடுதல் நேரத்தைப் புகைக்குள் குந்தியிருந்து கழித்தார்கள். பெரியேயின் ஒரு நாள் ஏற்றம் புத்தகத்தில் இருக்கிறது. இவர்களுடைய அடுப்படியும் அதே சோதனைதான்; தினமும் நடந்தது. அதை யாரும் குறித்துவைக்கவில்லை என்பது என் மனக்குறை.

தொரிசெல்லியின் அலகு இன்னும் சாகவில்லை. தோட்ட டிஸ்பென்சரியில் கைப்பட்டியை இறுக்கிக் காற்றடித்து, துண்டில் 130/80 என்று எழுதித் தருகிறார்களே, அது அவருடைய இரசத்தின் மில்லிமீற்றர் கணக்கு. சுற்றியுள்ள காற்றைவிட நம் இரத்தம் எவ்வளவு கூடுதலாக அமுக்குகிறது என்பதே அந்த எண். துண்டை மடித்து மடியில் செருகிக்கொண்டு ஆச்சி லயத்துக்கு ஏறுகிறார். அடுப்பில் பருப்பு இன்னும் வேகவில்லை.