தொறு: நடுகற்கள் காத்த பழஞ்சொல்

திண்டிவனத்திலிருந்து செஞ்சி, திருவண்ணாமலை வழியாகச் செங்கத்தை அடையும் நெடுஞ்சாலை, தமிழெழுத்து வரலாற்றில் இருவகைக் கற்களை இணைக்கும் வழியாகும். ஒன்று, செஞ்சியை அடுத்த திருநாதர்குன்றில் உள்ள நிசீதிகைக் கல்வெட்டு. ஐம்பத்தேழு நாள் உண்ணாநோன்பு நோற்று உயிர்நீத்த சந்திரநந்தி ஆசிரியரை அது குறிக்கின்றது. மற்றொன்று, செங்கம் வட்டாரத்தில் நூற்றுக்குமேல் காலூன்றி நிற்காவிடினும் பெருந்தொகையாய்க் கிடைத்துள்ள நடுகற்கள். ஆநிரைப் பூசலில் மாண்ட வீரர்களுக்காக எழுப்பப்பட்டவை அவற்றுட் பல. தமிழ்நாடு தொல்லியல் துறை 1972இல் 'செங்கம் நடுகற்கள்' என்னும் நூலாக அவற்றை வெளியிட்டது. அக்கற்களில் மீண்டும் மீண்டும் வருகின்ற ஒரு சொல் 'தொறு'.

இன்றைய வழக்கில் இச்சொல் மறைந்துவிட்டது. 'நாள்தொறும்', 'வீடுதொறும்' என வரும் இடைச்சொல் வேறு, இது வேறு. தொறு என்பது பசுக்கூட்டம், ஆநிரை எனப் பொருள்படும் பெயர்ச்சொல். அதன்வழி ஆயர் தொறுவர் எனவும், ஆய்ச்சி தொறுத்தி எனவும் பெயர் பெற்றனர். கன்னடத்தில் 'துறு' என்பதும் ஆநிரையே. அந்நாட்டு வீரக்கற்கள் ஆநிரை கவர்தலைத் 'துறுகோள்' என்கின்றன. தேனி மாவட்டப் புலிமான்கோம்பையில் 2006இல் கண்டறியப்பட்ட தமிழ்பிராமி நடுகல்லில் 'ஆகோள்' என்னும் சொல் காணப்படுகின்றது. ஆவும் தொறுவும் ஒருபொருளன. இரண்டிலும் வினை 'கொள்ளுதல்' என்பதே.

இங்குக் கருதத்தக்கது ஒன்று உண்டு. பிறர் மாட்டை ஓட்டிச் செல்வோனை நடுகல் மரபு பெரும்பாலும் 'திருடினான்' என்று சொல்வதில்லை. 'தொறுக் கொண்டான்' என்கின்றது. மீட்கச் சென்று வீழ்ந்தவனைத் 'தொறு மீட்டுப் பட்டான்' என்கின்றது. இலக்கியமோ கவர்வோரை அவர் சூடிய பூவால் வெட்சியார் எனவும், மீட்போரைக் கரந்தையார் எனவும் வழங்கியது. ஒரே செயலைக் களவென்பதா, மறமென்பதா என்னும் வினா இச்சொற்களுக்குள் அடங்கிக் கிடக்கின்றது.

தொல்காப்பியர் இதனை மறைக்கவில்லை. வெட்சித் திணையைக் கூறுமிடத்து, வேந்தன் விடுத்த வீரர் பகைப்புலத்தில் ஆநிரையைக் களவிற் கொண்டுவந்து பேணுதலையே அதற்கு இலக்கணமாக்கினார். களவு என்னும் சொல்லை அவரே ஆள்கின்றார். ஆயினும் வேந்தன் ஏவலால் அது போர் முறையாகின்றது. பிற்காலத்துப் புறப்பொருள் வெண்பாமாலை கரந்தையைத் தனித்திணையாகப் பிரித்தது. வெட்சியையும் மன்னுறு தொழில், தன்னுறு தொழில் என இரண்டாக்கியது. முன்னது அரசன் ஆணையால் நிகழ்வது. பின்னது வீரர் தாமே மேற்கொள்வது. ஆணை இருந்தாலும் இல்லாவிட்டாலும் மாட்டை இழந்தவனுக்கு இழப்பு ஒன்றே.

தன்னுறு தொழில் எத்தகையது என்பதற்குச் சிலப்பதிகாரத்து வேட்டுவ வரி சான்றாகும். கள் விற்பவள் கடன் மறுத்ததனால் எயினன் ஆநிரை கவரப் புறப்படுகின்றான். கவர்ந்த நிரை கள்விலையாட்டிக்கும், கொல்லனுக்கும், துடியனுக்கும், பாணர்க்கும், ஒற்றறிந்து வந்தவனுக்கும், புள் நிமித்தம் சொன்னவனுக்கும் பங்காகின்றது. கவர்ந்தவன் ஒருவன், பயன் கொண்டோர் பலர். ஓர் ஊரே களவின்மேல் வாழ்ந்த நிலையை இளங்கோவடிகள் கண்முன் நிறுத்துகின்றார்.

சமண முனிவரான திருத்தக்கதேவர் சீவக சிந்தாமணியில் இழந்தோர் பக்கம் நின்று இதனைக் காட்டுகின்றார். கோவிந்தையார் இலம்பகத்தில் வேடர் ஆயர்தம் நிரையைக் கவர்கின்றனர். கட்டியங்காரன் அனுப்பிய படை தோற்றுத் திரும்புகின்றது. மீட்பவனுக்குத் தன் மகளைத் தருவதாக நந்தகோன் பறையறைவிக்கின்றான். சீவகன் நிரையை மீட்கின்றான். கோவிந்தையைத் தான் கொள்ளாமல் தோழன் பதுமுகனுக்கு மணம்செய்விக்கின்றான். காப்பியத் தலைவனின் முதல் வீரச்செயல் கவர்தலன்று, மீட்டல். நாடாள்வோன் காக்கத் தவறியதைக் காத்தமையே அவனுடைய அரசத் தகுதிக்கு முன்னறிவிப்பாகின்றது.

இழந்தோர் குரல் கல்லிலும் ஒலிக்கின்றது. விழுப்புரம் மாவட்டத்து மண்டகப்பட்டில் குடைவரை அமைத்த பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்று, திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் உள்ளது. தன் எருமைகளைக் காக்கும் பூசலில் இறந்த கருந்தேவக்கத்தி என்பவனுக்கு நாட்டப்பட்டது அது. அவன் உருவத்தின் அருகே ஒரு நாயும் செதுக்கப்பட்டுள்ளது. கோவிவன் என்னும் அந்நாய் கள்ளரைக் கடித்துக் காத்து நின்றதை எழுத்து தெரிவிக்கின்றது. இங்கே வெட்சியார் இல்லை, தொறுக் கொண்டார் இல்லை. வெளிப்படையாகக் 'கள்ளன்' என்னும் சொல்லே உள்ளது. மாட்டுக்குரியவனின் பக்கத்திலிருந்து எழுதியபோது செயலின் பெயரும் மாறிவிட்டது.

இவ்விடத்தில் கள்ளாமை விரதத்தைச் சமண நூல்கள் வகுத்த நுட்பம் எண்ணத்தக்கது. உமாசுவாமியின் தத்துவார்த்த சூத்திரம் ஏழாம் அத்தியாயத்தில் அவ்விரதத்திற்கு ஐந்து குற்றங்களைக் கூறுகின்றது. முதலாவது, களவுக்குப் பிறரை ஏவுதல். இரண்டாவது, களவுப் பொருளை ஏற்றுக்கொள்ளுதல். ஏனையவை நாட்டு விதியை மீறுதல், அளவைகளில் ஏமாற்றுதல், போலிப் பொருளைக் கலந்து விற்றல் என்பன. இவ்வளவுகோலை வைத்தால், மன்னுறு தொழிலில் ஏவிய மன்னனும், வேட்டுவ வரியில் பங்கு பெற்ற கள்விலையாட்டியும் பழியினின்று தப்புவதில்லை. ஆணை களவைத் தூய்மையாக்காது. கைமாறிய பொருளும் தூய்மையாகாது.

ஆநிரைப் பூசல்கள் ஓய்ந்தன; தொறு என்னும் சொல்லும் ஊர்வழக்கினின்று நீங்கிற்று. ஆனால், பிறர் பொருளைக் கவர்தலுக்கு வேறொரு நல்ல பெயர் சூட்டும் வழக்கம் எக்காலத்தும் உள்ளதே. திருநாதர்குன்றின் கல் தன் உடலையும் தனதெனக் கொள்ளாது துறந்தவரைச் சொல்கின்றது. எடுத்தனூர்க் கல் தன்னுடையதைக் காத்து வீழ்ந்தவனைச் சொல்கின்றது. பிறருடையதைக் கொண்டவனுக்கு அவ்விரு கற்களிலும் புகழில்லை.