சொற்றொடரின் சாட்சியம்

ஆங்கிலம் பயிலும் மாணவன் கையிலே ஒரு பட்டியல் இருக்கும். இடப்பக்கத்திலே மரபுத்தொடர், வலப்பக்கத்திலே அதன் பொருள். நூறு தொடர்கள், நூறு பொருள்கள். மனப்பாடம் செய்கிறான், தேர்விலே எழுதுகிறான், மதிப்பெண் பெறுகிறான், மறுமாதமே மறந்துவிடுகிறான். இந்தத் தொடருக்கு இந்தப் பொருள் ஏன் வந்தது என்று அவன் கேட்பதில்லை. துணிந்து கேட்டால், "அது மரபு, அப்படியே படி!" என்ற விடைதான் வருகிறது.

மரபு! எத்தனையோ கேள்விகளின் வாயை அடைத்த சொல் அது. ஆனால், மரபுக்கும் ஒரு பிறப்பு உண்டன்றோ? எந்தச் சொற்றொடரும் வானத்திலிருந்து வழுக்கி விழுந்ததன்று. ஏதோ ஓர் ஊரிலே, ஏதோ ஒரு நாளிலே, ஏதோ ஒரு தேவைக்காக மனிதன் வாயிலிருந்து பிறந்தது. பிறந்த இடத்தைத் தேடிப் போனால், சிலவேளை ஒரு குதிரை லாயத்தைக் காண்கிறோம். சிலவேளை ஓர் அடிமைச் சந்தையைக் காண்கிறோம்.

லாயத்திலிருந்தே தொடங்குவோம். "ஹாப்சன்ஸ் சாய்ஸ்" என்பது ஆங்கிலத்தில் வழங்கும் ஒரு தொடர். ஹாப்சனின் தேர்வு என்பது சொற்பொருள். தேர்ந்தெடுக்கும் உரிமை இருப்பதுபோலத் தோன்றி, உண்மையில் ஒன்றுமே இல்லாத நிலை என்பது கருத்து. தாமஸ் ஹாப்சன் கேம்பிரிட்ஜ் நகரத்துக்காரர். 1544-இல் பிறந்து 1631-இல் மறைந்தவர். இலண்டனுக்குச் சரக்கு வண்டி ஓட்டியதோடு, மாணவர்க்குக் குதிரைகளை வாடகைக்கும் விட்டார். நல்ல குதிரையையே எல்லோரும் கேட்டதால் அது ஓடி ஓடி ஓய்ந்தது. ஆகவே ஒரு விதி செய்தார்: வாயிலுக்கு அருகில் நிற்கும் குதிரையை எடு, இல்லையேல் நடந்து போ! குதிரைகளுக்கு ஓய்வு கிடைத்தது. மொழிக்கு ஒரு தொடர் கிடைத்தது. பிரபு அல்லர், படைத்தலைவர் அல்லர், ஒரு வண்டிக்காரர். ஆயினும் அவர் பெயர் நானூறு ஆண்டுகளாக வாழ்கிறது.

சிரித்துக்கொண்டே படிக்கலாம் அந்தக் கதையை. அடுத்த தொடரை அப்படிப் படிக்க இயலாது.

"சோல்ட் டவுன் தி ரிவர்" என்பார்கள். 'ஆற்றின் கீழ்ப்பக்கம் விற்றுவிட்டான்' என்பது நேர்ப்பொருள். நம்ப வைத்துக் கழுத்தை அறுத்தான் என்று நாம் சொல்வோமே, அதுதான் கருத்து. இன்று ஆலையிலே ஒப்பந்தம் சரியாக அமையாவிட்டால் தொழிலாளி இதைச் சொல்கிறான். ஆட்டக்காரனை வேறு குழுவுக்கு அனுப்பினால் இரசிகன் இதைச் சொல்கிறான். எந்த ஆறு? யார் விற்றார்? எதை விற்றார்?

ஆறு, மிசிசிப்பி. விற்றவர், அமெரிக்க நாட்டு ஆண்டைகள். விற்கப்பட்டது, மனிதன்!

1793-இல் எலி விட்னி என்பவர் பஞ்சிலிருந்து கொட்டையைப் பிரிக்கும் இயந்திரத்தை உருவாக்கினார். பருத்தி பணமாயிற்று. தெற்கே, மிசிசிப்பி, லூசியானா மாநிலங்களிலே பருத்திக் காடுகளும் கரும்புத் தோட்டங்களும் பரந்து விரிந்தன. உழைக்க ஆள் வேண்டும். ஆனால் வெளிநாட்டிலிருந்து அடிமைகளை இறக்குமதி செய்வதை 1808 முதல் சட்டம் தடுத்தது. சட்டம் ஒரு கதவை மூடியது. பேராசை மறு கதவைத் திறந்தது. வடக்கேயிருந்த வர்ஜீனியா, மேரிலாந்து, கென்டக்கி மாநிலங்களின் ஆண்டைகள், தம்மிடமிருந்த அடிமைகளைத் தெற்கே விற்கத் தொடங்கினர். கால்நடையாகச் சிலரை ஓட்டிச் சென்றனர். கப்பலிலே சிலரை ஏற்றினர். ஒகையோ ஆற்றிலும் மிசிசிப்பி ஆற்றிலும் படகேற்றி நாச்சசுக்கும் நியூ ஆர்லியன்சுக்கும் பலரை அனுப்பினர். உள்நாட்டுப் போர் மூள்வதற்கு முந்திய எழுபது ஆண்டுகளில் ஏறக்குறைய 10 இலட்சம் பேர் இவ்வாறு தெற்கே பெயர்க்கப்பட்டனர் என்று வரலாற்றாசிரியர்கள் கணிக்கின்றனர்.

ஆற்றின் கீழ்ப்பக்கம் போனவர் திரும்புவதில்லை. தாய் ஒரு கரையிலே, பிள்ளை மறு மாநிலத்திலே. கணவன் ஓர் ஏலத்திலே, மனைவி மற்றோர் ஏலத்திலே. "சொன்னபடி கேட்காவிட்டால் ஆற்றிலே விற்றுவிடுவேன்" என்பது சாட்டையினும் கொடிய மிரட்டல். அந்த அச்சத்திலிருந்து பிறந்ததுதான் இந்தத் தொடர். 1865-இல் அடிமை முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. ஏலமேடை இடிந்தது, தொடர் நின்றது. இன்று அதைச் சொல்லும் நாவுகளிலே பல, அந்தக் கண்ணீரின் சுவையை அறியா.

விலங்கு ஒடிந்த பிறகாவது நீதி கிடைத்ததா? மற்றொரு தொடர் அதற்குச் சாட்சி சொல்கிறது. "கிராண்ட்ஃபாதர் கிளாஸ்" என்பார்கள், பாட்டனார் விதி. புதிய விதி வந்தாலும் பழையவர்களுக்குப் பழைய சலுகையே நீடிக்கும் என்பது இன்றைய பொருள். வங்கியிலும் காப்பீட்டு நிறுவனத்திலும் சாதுவாக வழங்கும் அலுவலகச் சொல். அந்தச் சாதுவின் பூர்வீகத்தைப் பாருங்கள்.

1870-இல் அமெரிக்க அரசியல் சட்டத்தின் 15-ஆவது திருத்தம், நிறத்தைக் காட்டி வாக்குரிமையை மறுக்கக் கூடாது என்றது. நேராக மறுக்க முடியாதென்றால் வளைத்து மறுப்போம் என்றனர் தென்மாநில வெள்ளை ஆதிக்கவாதிகள். எழுதப் படிக்கத் தெரியவேண்டும், அல்லது சொத்து இருக்கவேண்டும். அப்போதுதான் வாக்கு என்று விதித்தனர். அடிமையாக இருந்த நாளிலே எழுத்தைத் தொடவும் தடை. விடுதலை பெற்றதும் எழுத்தறிவுத் தேர்வு! ஆனால் ஏழை வெள்ளையரிலும் எழுத்தறியாதார் ஏராளம் இருந்தனரே, அவர்களைக் காப்பது எப்படி? 1898-இல் லூசியானா வழி கண்டது. 1867 சனவரி முதல் நாளன்று வாக்குரிமை பெற்றிருந்தவருக்கும், அவருடைய மகனுக்கும், பேரனுக்கும் அந்தத் தேர்விலிருந்து விலக்கு என்றது. அந்த நாளிலே அங்கு எந்தக் கறுப்பருக்கு வாக்குரிமை இருந்தது? 'கறுப்பர்' என்ற சொல்லே சட்டத்தில் இல்லை. 'பாட்டன்' என்பதே போதுமானதாயிற்று. 1896-இல் லூசியானாவின் வாக்காளர் பட்டியலில் இருந்த கறுப்பர் 1,30,000-க்கும் மேல். 1900-இல் எஞ்சியவர் ஏறக்குறைய 5,000!

பிறப்பைக் காட்டி உரிமையைப் பறிப்பது ஒரு நாட்டுக்கு மட்டும் சொந்தமான சூழ்ச்சியன்று என்பதை இங்கே நான் விரித்துரைக்க வேண்டியதில்லை. 1915-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் பாட்டனார் விதியைச் செல்லாதென்றது. ஆயினும் வேறு தடைகள் நீடித்தன. 1965-இல் வாக்குரிமைச் சட்டம் வந்த பின்னரே அவை தகர்ந்தன.

அமெரிக்காவை விட்டு, அந்த மொழியின் தாயகமாம் இங்கிலாந்துக்கு வருவோம். ஆசிரியர் மாணவரைக் கடுமையாகக் கண்டித்தால், "ரயட் ஆக்டைப் படித்துவிட்டார்" என்பர் ஆங்கிலேயர். இன்று வெறும் வசவு. அன்றோ, அது மெய்யாகவே படிக்கப்பட்ட சட்டம். படித்து முடித்தால் உயிர் போகக்கூடிய சட்டம்.

1715 ஆகஸ்டு முதல் நாள் நடைமுறைக்கு வந்தது கலகச் சட்டம். பன்னிரண்டு பேர் அல்லது அதற்கு மேற்பட்டோர் கலவரமாகக் கூடினால், அதிகாரி அரசர் பெயரால் கலைந்து போகுமாறு அறிக்கையைப் படிப்பார். ஒரு மணி நேரத்திற்குள் கலையாவிட்டால் மரண தண்டனைக்குரிய குற்றம். கலைக்கும்போது எவரேனும் மாண்டால், கலைத்தவர் மீது குற்றமில்லை!

1819 ஆகஸ்டு 16. மான்செஸ்டர் நகரின் செயின்ட் பீட்டர் திடலிலே ஏறக்குறைய 60,000 மக்கள் கூடினர். நெசவாளர், ஆலைத் தொழிலாளர், பெண்கள், குழந்தைகள். கேட்டது என்ன? நாடாளுமன்றத்தில் இடம்! புகை கக்கும் ஆலைகள் நிறைந்த மான்செஸ்டருக்கென்று ஓர் உறுப்பினரும் இல்லை. ஆளரவமற்ற மேடாகிப்போன ஓல்டு சேரமுக்கோ இரண்டு உறுப்பினர்! அதைத்தான் கேட்டனர். சட்டத்தைப் படித்தோம் என்றனர் அதிகாரிகள். எங்கள் காதில் விழவில்லை என்றனர் மக்கள். குதிரைப்படை வாளை உருவிக்கொண்டு கூட்டத்திற்குள் பாய்ந்தது. குறைந்தது 15 பேர் மாண்டனர். பல நூற்றுவர் காயமுற்றனர்.

நான்கு ஆண்டுகளுக்கு முன்புதான் வாட்டர்லூ களத்திலே நெப்போலியனை வென்றிருந்தது இங்கிலாந்து. கையிலே கருவியற்ற தம் மக்களை வென்ற இந்த 'வீரத்துக்கு'ப் 'பீட்டர்லூ' என்று பெயர் சூட்டி எள்ளினர். ஆட்சி சட்டத்தைப் படித்தது. மக்கள் ஒரு சொல்லைப் படைத்தனர். 1832-இல் மான்செஸ்டருக்கு இரண்டு இடம் கிடைத்தது. ஓல்டு சேரம் தன் இடங்களை இழந்தது. கலகச் சட்டம் 1967-இல் இங்கிலாந்திலே நீக்கப்பட்டது; அதன் பெயர் மட்டும் வசவாகி வாழ்கிறது.

இந்த இடத்திலே ஓர் எச்சரிக்கை தேவை. சொல்லின் பின்னே கதை இருக்கிறது என்றவுடன், கேட்ட கதையை எல்லாம் நம்பிவிடக் கூடாது. குத்துமதிப்பு என்று நாம் சொல்வதை "ரூல் ஆஃப் தம்" என்பர் ஆங்கிலேயர், கட்டைவிரல் விதி. கட்டைவிரலினும் தடிக்காத கோலால் மனைவியை அடிக்கலாம் என்று ஆங்கிலச் சட்டம் விதித்ததாகவும், அதிலிருந்தே இந்தத் தொடர் வந்ததாகவும் பலர் சொல்வர். பெண்ணடிமை ஒழிய வேண்டும் என்போருக்கு மேடையிலே முழங்க ஏற்ற கதை. ஆனால், அப்படியொரு சட்டம் எந்த ஏட்டிலும் இல்லை. 1782-இல் பிரான்சிஸ் புல்லர் என்ற நீதிபதி அவ்வாறு கூறியதாக வதந்தி பரவிற்று. கில்ரே என்ற ஓவியர் அவரைக் கேலிச்சித்திரமாக வரைந்தார். கூறியதற்குச் சான்றில்லை. தொடரோ அதற்கு முன்பே, 17-ஆம் நூற்றாண்டிலேயே, அனுபவத்தால் அளக்கும் தோராயம் என்ற பொருளில் வழங்கிற்று.

மனைவியை 'மிதமாகத் திருத்த' பழைய சட்டம் கணவனுக்கு இடமளித்தது என்று பிளாக்ஸ்டன் 1765-இல் வெளியிட்ட சட்ட நூலிலே எழுதியிருக்கிறார். கொடுமை மெய், கட்டைவிரல் கதை பொய். மெய் நம் பக்கம் இருக்கும்போது பொய்யின் துணை எதற்கு? எதிரியின் புராணத்துக்கு ஆதாரம் கேட்கும் நாம், நமக்கு இனிக்கும் கதைக்கும் அதையே கேட்க வேண்டும். பகுத்தறிவு என்பது இருபுறமும் கூருள்ள வாள்.

ஆதாரமுள்ள ஒரு கதை உண்டு. அதை இறுதிக்கென்று வைத்திருந்தேன். அது தொடரன்று, தனிச்சொல். 'பாய்காட்'!

அயர்லாந்து நாட்டின் மேயோ மாவட்டத்திலே எர்ன் பிரபுவுக்கு நிலங்கள் இருந்தன. அவற்றுக்குக் காரியஸ்தராக இருந்தவர் கேப்டன் சார்லஸ் பாய்காட். விளைச்சல் பொய்த்த காலம். குத்தகையைக் குறையுங்கள் என்று உழவர் வேண்டினர். கேட்ட அளவு குறைக்க மறுத்து, 1880 செப்டம்பரிலே வெளியேற்ற நோட்டீசு அனுப்பினார் பாய்காட். உழவரிடம் துப்பாக்கி இல்லை, சட்டமும் இல்லை. ஆனால், 1879-இல் தோன்றிய நிலச் சங்கம் இருந்தது. வெளியேற்றப்பட்ட உழவரின் நிலத்தைக் குத்தகைக்கு எடுப்போரோடு எவரும் பேசாதீர், பழகாதீர், விற்காதீர், வாங்காதீர் என்று பார்னல் என்ற தலைவர் வழி சொல்லியிருந்தார்.

வேலையாட்கள் பாய்காட்டின் வீட்டைவிட்டு வெளியேறினர். கடைக்காரர் பொருள் தர மறுத்தனர். அறுவடைக்கு ஆளில்லை. வடக்கேயிருந்து 50 பேரைக் கொண்டுவந்தனர். அவர்களைக் காக்க ஏறக்குறைய ஆயிரம் படையினர் வந்தனர். சுமார் 500 பவுன் விளைச்சலை அறுக்க ஆன செலவு 10,000 பவுன்! 1880 டிசம்பர் முதல் நாள் பாய்காட் அயர்லாந்தை விட்டே வெளியேறினார். அதற்கு முன்பே அவர் பெயர் வினைச்சொல்லாகிவிட்டது. பிரெஞ்சு, ஜெர்மன், ரஷ்ய மொழிகளும் அச்சொல்லை ஏற்றன. நாம் முன்னர்ப் பகிஷ்காரம் என்றோம், இன்று புறக்கணிப்பு என்கிறோம்.

சரியாக 75 ஆண்டுகள் சென்றன. 1955 டிசம்பர் முதல் நாள், அமெரிக்காவின் மான்ட்கமரி நகரிலே, பேருந்தில் வெள்ளையருக்கு இடம்விட மறுத்த ரோசா பார்க்ஸ் என்ற கறுப்புப் பெண்மணி கைது செய்யப்பட்டார். நாள் ஒத்தது தற்செயல். அதிலே விதியைத் தேடவேண்டாம். ஆனால் அதன் பிறகு நடந்தது தற்செயலன்று. கறுப்பு மக்கள் 381 நாட்கள் பேருந்திலே ஏறாமல் நடந்தனர். தனியிடம் ஒதுக்கும் சட்டம் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 1956-இல் முடிவு செய்தது. அந்தப் போராட்டத்தின் பெயர்? பேருந்து பாய்காட்! ஆற்றின் கீழ்ப்பக்கம் விற்கப்பட்டோரின் வழித்தோன்றல்கள், பாட்டனாரைக் காட்டி விரட்டப்பட்டோரின் பேரப்பிள்ளைகள், அயர்லாந்து உழவன் அடித்துக் கொடுத்த சொல்லை ஏந்தி வென்றனர்.

தோழனே! ஆங்கிலத்தைக் கண்டு அஞ்சவும் வேண்டாம். அதை ஆராதிக்கவும் வேண்டாம். அதுவும் மனிதர் பேசிய மொழி. அடித்தவனும் அடிபட்டவனும் பேசிய மொழி. பட்டியலைப் படி, தேர்வுக்கு அது தேவை. படித்தபின் ஒவ்வொரு தொடரிடமும் இரண்டு கேள்விகளைக் கேள்: உன்னை முதலில் சொன்னவன் யார்? அதற்குச் சான்று என்ன? இந்த இரண்டையும் கேட்கப் பழகியவனுக்கு, அந்நிய மொழி அடங்கும். 'அது மரபு' என்ற அதட்டலும் அடங்கும்.