பழம் காத்திருக்காது: சேர்வராயன் மலையில் எஞ்சின் கழற்றிய வழக்கம்

சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் 1820களில் சேர்வராயன் மலையில் காப்பிச் செடியைக் கொண்டுவந்து வைத்தார் என்பது ஏற்காட்டைப் பற்றி எழுதுகிற எல்லோரும் சொல்லும் செய்தி. செடியைப் பற்றியும் துரைமார் பங்களாக்களைப் பற்றியும் வேண்டிய அளவு எழுதியாயிற்று. பழத்தைக் கொட்டையாக்கிய இயந்திரத்தைப் பற்றியும், அது நின்றுபோனபோது அதைக் கழற்றிய கைகளைப் பற்றியும் எழுதியது சொற்பம். மலைத்தோட்டங்களில் எஞ்சினைத் தாங்களே பிரித்துப் பழுதுபார்த்த வழக்கத்தைப் பொதுவாக வறுமையின் கணக்கில் எழுதிவிடுகிறோம்: காசில்லை, ஆகவே கையில் கிடைத்ததை வைத்து ஒப்பேற்றினார்கள் என்று. இந்த விளக்கம் பாதி தூரம்தான் வரும். காசைவிடப் பழத்தின் அவசரமும், எஞ்சினைச் செய்தவர்கள் அதன் அமைப்பில் விட்டுவைத்த வழியுமே அந்த வழக்கத்தை வளர்த்தன.

முதலில் பழத்தின் கணக்கு. அறுவடை நவம்பர் வாக்கில் தொடங்கிப் பிப்ரவரி வரை போகும். பறித்த பழத்தை அன்றைக்கே பல்ப்பரில் விட்டுத் தோலுரித்தாக வேண்டும். ராத்திரி மூட்டையிலேயே கிடந்தால் சூடேறிப் புளித்துவிடும். அந்த வாடை கொட்டையில் ஏறினால் எத்தனை முறை கழுவினாலும் போகாது. உரித்த கொட்டை தொட்டியில் ஊறி, வழுவழுப்பு நீங்கி, கழுவிக் களத்துக்குப் போக வேண்டும். கையால் சுற்றிய பல்ப்பருக்கு ஆயில் எஞ்சின் வந்தபோது வேலை விரைந்தது. ஆனால் எஞ்சின் நின்றால் தொட்டியும் களமும் சேர்ந்து நின்றன. சேலத்தில் மெக்கானிக் இல்லாமல் இல்லை. 20 கொண்டை ஊசி வளைவுகள் இறங்கி ஆள் போய், அவரைக் கையோடு கூட்டிவருவதற்குள் அன்றைய பழம் பாழாகியிருக்கும். மெக்கானிக்குக் கூலி கொடுக்க வசதியுள்ள தோட்டத்துக்கும் கணக்கு இதுதான். தோலோடு காயப்போட்டுச் செர்ரி காப்பியாக விற்கலாமே என்று கேட்கலாம். விற்கலாம், விலை குறையும். அரபிக்காவை நம்பிய மலையில் அது நஷ்டத்துக்குச் சம்மதிப்பது.

அவசரம் மட்டும் இருந்தால் போதாது, எஞ்சினும் இடம்கொடுக்க வேண்டும். இங்கிலாந்தின் லிஸ்டர் கம்பெனி 1930 வாக்கில் கொண்டுவந்த சி.எஸ். வகை டீசல் எஞ்சினை எடுத்துக்கொள்வோம். அதன் வார்ப்பிலேயே இன்றும் ராஜ்கோட்டில் எஞ்சின்கள் செய்கிறார்கள். ஒற்றை சிலிண்டர், கனத்த ஃப்ளைவீல், நிமிடத்துக்கு 600, 650 சுற்று என்கிற நிதான ஓட்டம். கிராங்க்கேஸின் பக்கவாட்டில் ஒரு கதவு இருக்கும். ஹெட்டை இறக்கிவிட்டு, அந்தக் கதவு வழியே கையை விட்டுக் கனெக்டிங் ராடின் நட்டுகளைக் கழற்றினால் பிஸ்டன் மேல்வழியாக வந்துவிடும். எஞ்சினை அஸ்திவாரத்திலிருந்து பெயர்க்க வேண்டியதில்லை. பேரிங் மூடி எந்தப் பக்கம் பார்த்து இருந்ததோ அப்படியே திரும்பப் போக வேண்டும் என்பதற்காக, கழற்றும் முன்பே பஞ்ச் உளியால் ஒரு புள்ளி குத்திவைப்பார்கள். கழற்றியதைச் சாக்கில் கழற்றிய வரிசையிலேயே பரப்பி, மண்ணெண்ணெயில் கழுவி, கடைசியில் கழற்றியதை முதலில் மாட்டுவார்கள். பட்டறைக்குத் தொலைவில் ஓடப்போகும் எஞ்சின் என்று தெரிந்தே கம்பெனி அந்தக் கதவை வைத்தது. ஒப்பேற்றுகிறவனுக்கு வரிசையும் புள்ளியும் தேவையில்லை. இது ஒழுங்குள்ள வேலை.

இந்த அறிவு மலையில் மட்டும் விளைந்ததல்ல. கோவைக்கு அருகே கலங்கலில் பிறந்த ஜி.டி. நாயுடு, ஓட்டலில் வேலை பார்த்துச் சேர்த்த பணத்தில் ஒரு ரட்ஜ் மோட்டார் சைக்கிளை வாங்கிப் பிரித்து மாட்டியே தொழில் கற்றார். 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பஸ் விட்டார். இரண்டாம் உலகப் போரில் இறக்குமதி அருகிப் பெட்ரோலுக்கு ரேஷன் வந்தபோது, பஸ்கள் கரி வாயுவில் ஓடின. ஸ்பேர் கிடைக்காத காலத்தில் தேய்ந்ததை லேத்தில் கடைந்து பொருத்துவது கோவை, சேலம் பட்டறைகளின் அன்றாட வேலையானது. 1949இல் சென்னையில் இந்தியா பிஸ்டன்ஸ் தொடங்கியபின் பிஸ்டனும் ரிங்கும் உள்ளூர்ச் சரக்காயின. மேலே கழற்றுகிறவனுக்குக் கீழே கடைந்துகொடுக்கிறவன் துணையாக இருந்தான்.

1980இல் ஓசூரிலிருந்து வந்த டி.வி.எஸ். 50 இந்த வழக்கத்தைத் தோட்டத்துக்கு வெளியேயும் பரப்பியது. டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் வால்வு இல்லை. ஹெட்டையும் சிலிண்டரையும் உருவினால் பிஸ்டன் கண்முன்னே நிற்கும். பிஸ்டன் தலையிலுள்ள அம்புக்குறி சைலன்சர் பக்கம் பார்க்க வேண்டும்; ரிங்கின் வாய் பள்ளத்திலுள்ள சின்ன ஆணியில் உட்கார வேண்டும், இல்லாவிட்டால் ரிங் ஒடியும். கனடாவில் பொம்பார்டியே நிறுவனம் 1959இல் விற்பனைக்கு விட்ட ஸ்கீ-டூ பனி வண்டியைப் பின்னாளில் அந்நாட்டார் வீட்டுக் கொட்டகையிலேயே பிரித்து மாட்டியதற்கும் காரணம் இதேதான்: பருவம் குறுகியது, பட்டறை தொலைவு, எஞ்சின் எளிது. அவர்கள் ஏழைகள் என்று யாரும் சொல்வதில்லை.

படிக்காதவன் கைவைத்துக் கெடுத்த எஞ்சின்களும் உண்டே என்பது நியாயமான ஆட்சேபம். ஹெட் போல்ட்டை ஒரு பக்கமாகவே முறுக்கிக் கேஸ்கட்டைப் பறிகொடுத்ததும், டைமிங் மார்க் பார்க்காமல் பல்சக்கரத்தை மாட்டியதும் எங்கும் நடந்தவை. ஆனால் அவை அளவும் வரிசையும் சொல்லிக்கொடுக்காததால் வந்த கேடு. கழற்றத் தடை போட்டால் அது தீராது. கையேட்டைத் தமிழில் கொடுத்தால் பெரும்பகுதி தீரும். கழற்றத் தெரிந்தவர்களின் பெயர் தோட்டத்துச் சம்பளப் பதிவில் கூலி என்றோ டிரைவர் என்றோ மட்டும் நின்றதால், அவர்கள் கற்றது எழுத்தில் ஏறவில்லை என்பதையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இப்போதைய எஞ்சினில் பழுதைச் சொல்வது சென்சார். அதைப் படிக்கக் கம்பெனியின் கருவி வேண்டும். புகை குறைந்திருக்கிறது, எண்ணெய் மிச்சமாகிறது. அந்த லாபத்தை மறுப்பதற்கில்லை. ஆனால் புகையைக் குறைப்பதற்கும் பழுதின் குறிப்பை உரிமையாளரிடமிருந்து மறைப்பதற்கும் தொடர்பு கிடையாது. முன்னது பொறியியல், பின்னது வியாபாரம். 2022இல் மத்திய அரசு பழுதுபார்க்கும் உரிமைக்காக அமைத்த குழு, வேளாண் கருவிகளையும் வாகனங்களையும் தன் பட்டியலில் சேர்த்தது. அந்த உரிமையை ஸ்பேர் விற்பனை, சர்வீஸ் சென்டர் என்ற அளவில் நிறுத்திக்கொண்டால் மலைத்தோட்டத்துக்குப் பெரிய பலன் இராது. பறித்த பழம் இன்றும் அன்றைக்கே தோலுரிய வேண்டும். ஆகவே, சாதாரண ஸ்பேனரால் எதுவரை கழற்றலாம், எந்தக் குறிப்பை யார் படிக்கலாம் என்பதை விற்கும்போதே சொல்லியாக வேண்டும் என்ற விதி அந்த உரிமையில் இடம்பெற வேண்டும்.